ஸ்கேன்காரியும் தூங்காத தண்ணீரும்

அவளுக்கு அப்பாவும் அம்மாவும் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது அடையாள அட்டைக்குள் நிம்மதியாக ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது. ஊரார் வாயில் அவள் ஸ்கேன்காரி.

காரணம் அவள் பார்க்கும் வேலை. தூண் பருமனுக்குத் தரையோடு ஓடும் இரும்புக் குழாயின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்காருவாள். அதன் விலாவை அரத்தால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பாக்குவாள். ஒரு டியூபைப் பிதுக்கி வழவழவென்று ஜெல் தடவுவாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான இரண்டு சென்சார்களை அதன்மேல் அழுத்தி, இரும்புப் பட்டியால் இறுக்கிக் கட்டுவாள். அவற்றிலிருந்து இரண்டு வயர்கள் அவள் மடியிலிருக்கும் மீட்டர் பெட்டிக்கு ஓடும். அந்தப் பெட்டியின் சின்னத் திரையை அவள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது பச்சைக் குழந்தையின் முதல் பல்லைப் பார்க்கிறவர்களின் பார்வை.

தெருவில் போகிறவர்கள் சும்மா போவார்களா?

“என்னம்மா, குழாய்க்கு எத்தனை மாசம்?”

“நிறைமாசம் சார். பாதி நிறைஞ்ச பைப்பை நான் தொடவே மாட்டேன்.”

“ஆணா, பொண்ணா?”

“தண்ணி. உங்க தெருவுக்குத்தான் வருது, போய்க் குடத்தைக் கழுவி வைங்க.”

தலையைத் தூக்காமலே பதில் வரும். கேட்டவர் சிரித்துக்கொண்டே போவார். அவள் ஒரு குழாயைத் தட்டினால் பக்கத்து ஊர்க் குழாய் ‘யாரது?’ என்று கேட்கும் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. அதில் பாதியைக் கழித்துவிட்டு மீதியை நம்பலாம்.

இந்தப் பித்து அவளைப் பிடித்ததே உண்மையான ஸ்கேன் அறையில்தான். மகள் வயிற்றில் இருந்த நேரம். டாக்டரம்மா திரையைக் காட்டி, “இதோ பாரும்மா, தலை. இதோ கை. விரல் சப்புது பாரு” என்று உருகிக்கொண்டிருக்க, இவள் வயிற்றின்மேல் ஊர்ந்துகொண்டிருந்த கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டர், இதுல இருந்து போறது சத்தம்னீங்களே. எனக்கு ஏன் கேக்கல?”

“நம்ம காதுக்கு எட்டாத சத்தம்மா அது. உள்ளே போய்ப் பிள்ளைமேல பட்டுத் திரும்பி வருது.”

“அப்ப இந்தக் கொழகொழ எதுக்கு?”

“நடுவுல துளி காத்து இருந்தாலும் சத்தம் உள்ளே போகாது. அதுக்குத்தான். நீ பிள்ளையைப் பாரும்மா!”

அன்றைக்கு வீட்டுக்கு வந்து புருஷனிடம் அவள் சொன்ன செய்தி பிள்ளையைப் பற்றியது அல்ல, ஜெல்லைப் பற்றியது. மகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் இதைச் சொல்லிக் காட்டுவாள்: “என்னை முதன்முதலா பாக்க வேண்டிய அன்னைக்கே அம்மா மெஷினைத்தான் பாத்தாங்க.”

புருஷன் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். பேச்சில் பரம சிக்கனம். அவர் வாயைத் திறப்பதற்குள் அவர் பூட்டுகளெல்லாம் திறந்துவிடும். அப்படிப்பட்டவரோடு குடித்தனம் நடத்தினால் இரும்புக்குள் போகும் சத்தம்கூடக் காதில் விழத்தான் செய்யும் என்று அவள் அக்கா கேலி பேசுவாள். மீட்டர் விற்கிற கம்பெனியில் பெட்டி கட்டும் வேலைக்குச் சேர்ந்தவள்தான் இவள். உள்ளே வைக்க வேண்டிய விளக்கப் புத்தகத்தை வைப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிட்டு வைத்ததால், பெட்டிகள் தாமதமாகப் போயின. திட்டித் தீர்த்த மேலாளர் கடைசியில், “உன்னைப் பெட்டிக்கு வெளியே வைச்சாத்தான் உருப்படும்” என்று குழாய்களோடு பேச அனுப்பிவைத்தார்.

எத்தனை வருடம் ஆனாலும் அவளுக்கு அந்த வேலையின் வியப்பு தீரவே இல்லை. குழாயை அறுப்பதில்லை, துளைப்பதில்லை. உள்ளே ஓடும் தண்ணீரை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. ஒரு சென்சார் சத்தம் போடுகிறது. அது இரும்பைத் தாண்டி, தண்ணீரில் குறுக்காக நீந்தி, எதிர்ச்சுவரில் பட்டு, அடுத்த சென்சாரை வந்து சேர்கிறது. பிறகு அது சத்தம் போட, இது கேட்கிறது. ஓட்டத்தோடு போகும் சத்தம் கொஞ்சம் முன்னதாக வருகிறது, ஓட்டத்தை எதிர்த்து வருவது கொஞ்சம் பிந்துகிறது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு? ஒரு கண்சிமிட்டலை எடுத்துக் கோடித் துண்டு போட்டால், அதில் ஓரிரண்டு துண்டு. அந்தத் துண்டை வைத்து, இவ்வளவு தண்ணீர் இந்தப் பக்கமாகப் போகிறது என்று திரையில் எண் வருகிறது. முதல் தடவை பார்த்தபோது அவளுக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. நேற்றுப் பார்த்தபோதும் அப்படித்தான்.

இப்படிப்பட்டவளைத்தான் ஒருநாள் அவள் அத்தான் வேலை பார்க்கும் பம்ப் அறைக்கு அனுப்பினார்கள்.

அத்தான் என்றால் அக்காவின் புருஷன். ஊருக்கு வெளியே, கீழ்த்தொட்டியிலிருந்து மேட்டின் உச்சியில் இருக்கும் பெரிய தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப்பை ஓட்டுகிறவர். பம்ப் அறையை ஒட்டியே சின்ன வீடு. வேலை இருக்கும்வரை வீடு. சில மாதங்களாக மேல்தொட்டி சரியாக நிறைவதில்லை. விடிந்தால் காலி. தெருக்களில் குழாயைத் திறந்தால் காற்று வந்து பெருமூச்சு விட்டது. பம்ப்புக்குச் சக்தி போய்விட்டதா, அல்லது அதை ஓட்டுகிறவர் நிறுத்திவிட்டுத் தூங்குகிறாரா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் மீட்டர்.

அனுப்பி வைத்தவர் குடை இன்ஜினியர். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கையில் குடை, அதனால் அந்தப் பெயர். நல்ல மனிதர். “உங்க அத்தான்தான்னு தெரியும்மா. மீட்டருக்கு அத்தான் கிடையாது, அதனால நீங்களே போங்க” என்றார்.

பம்ப் அறை ஒரு கோயில் சுத்தம். இரண்டு பம்ப்புகள். ஒன்று உறுமிக்கொண்டு ஓடுகிறது. மற்றது பழையது, அவசரத்துக்கென்று வைத்தது. அவசரமே வராததால் வருஷக்கணக்கில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. அத்தான் அதைக் கிழவி என்று கூப்பிடுவார். இரண்டின் குழாய்களும் வெளிச்சுவர் அருகே ஒன்றாகச் சேர்ந்து, ஒரே குழாயாக மேட்டில் ஏறுகின்றன. அந்த ஒற்றைக் குழாயில்தான் ஸ்கேன்காரிக்கு வேலை.

“எங்க வேணா ஒட்டு மச்சினி. இந்த வளைவுகிட்ட நிழலா இருக்கு, உக்கார வசதி.”

“வளைவுல திரும்பின தண்ணிக்குத் தலை சுத்தும் அத்தான். கொஞ்ச தூரம் நேரா நடந்து தெளியட்டும். அப்புறம்தான் அது பேச்சை நம்பலாம்.”

“அப்ப உங்கக்கா பேச்சை எவ்வளவு தூரம் நடந்தப்புறம் நம்பலாம்?”

“அதைச் சொல்றதுக்கு மெஷின் இல்ல.”

நேரான இடம் பார்த்தாள். குழாயின் உச்சியை விட்டாள், அங்கே காற்றுக் குமிழி சேரும். அடிவயிற்றையும் விட்டாள், அங்கே வண்டல் படியும். பக்கவாட்டில், மனிதருக்குக் காது இருக்கும் இடத்தில் அடையாளம் போட்டாள். நாடாவை இடுப்பில் சுற்றிச் சுற்றளவு எடுத்தாள். இரும்பின் கனத்தைச் சின்னக் கருவியால் பார்த்தாள். இதையெல்லாம் பெட்டியிடம் சொன்னதும், இரண்டு சென்சாருக்கும் நடுவே இத்தனை இடைவெளி விடு என்று அது சொன்னது. பெயிண்டைச் சுரண்டினாள், தேய்த்தாள், துடைத்தாள், ஜெல் வைத்தாள், அழுத்தினாள். ஓரங்களில் ஜெல் பிதுங்கி வந்தது. பட்டியை இறுக்கி, ஒரு சென்சாரை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். சத்தத்தின் பலத்தைக் காட்டும் கோடு குட்டையாக இருந்தது, வளர்ந்தது, திடீரென்று நிமிர்ந்து நின்றது.

“வந்துடுச்சு!” என்றாள், பிள்ளை பிறந்தது போல.

இனி ஒரே ஒரு வேலை பாக்கி. பூஜ்யம் வைப்பது. தண்ணீரை முழுசாக நிறுத்திவிட்டு, ‘இதோ பார், இதுதான் நிற்கும் தண்ணீர், இங்கிருந்து எண்ணு’ என்று மீட்டருக்குச் சொல்ல வேண்டும். கடைக்காரர் சாமானை வைப்பதற்கு முன் தராசு முள்ளை நடுவில் நிறுத்துவார் அல்லவா, அது மாதிரி.

“பம்ப்பை நிறுத்துங்க அத்தான். மேல போற பெரிய வால்வையும் மூடணும்.”

பம்ப் நின்றது. அறையில் திடீர் அமைதி. மூலையிலிருந்து மட்டும் மெல்லிய முணுமுணுப்பு.

“அது என்ன சத்தம்?”

“கிழவி. இவன் நின்னா அவ ஆரம்பிப்பா. வயசாச்சுல்ல, தனக்குத்தானே பேசிக்கிறா.” அத்தான் பெரிய வால்வின் சக்கரத்தைப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “இதையா மூடணும்? போன தடவை மூடினப்ப பிடிச்ச முதுகு இன்னும் விடல. பம்ப்தான் நின்னுடுச்சே. தள்ளிவிட ஆள் இல்லாம தண்ணி தானா மேட்டுல ஏறிப் போயிடுமா?”

அவள் சிரித்துவிட்டாள். நியாயம்தானே? தண்ணீர் தானாக மேடு ஏறாது. கோடு நிமிர்ந்து நின்ற சந்தோஷம் வேறு. ஓட்டத்தைக் காட்டும் எண்ணை ஒருமுறை எட்டிப் பார்க்காமலே, நேராகப் பொத்தானை அழுத்திப் பூஜ்யம் வைத்தாள். தண்ணீர் ஏறாது என்பதில் அவர்கள் இருவருக்கும் சந்தேகமே இல்லை. இறங்காது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

பம்ப் மறுபடி ஓடியது. குடை இன்ஜினியர் வந்து குனிந்து பார்த்தார். திரையில் நூற்றிருபது. பம்ப்பின் நெற்றியில் அறைந்திருந்த தகட்டிலும் நூற்றிருபது. மணிக்கு இத்தனை கன மீட்டர் தண்ணீர் தள்ளுவேன் என்று தொழிற்சாலையில் அது கொடுத்த வாக்கு.

“பாத்தீங்களா சார்! எம் பையன் சொன்ன சொல் மாறல!” என்று அத்தான் பம்ப்பின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இன்ஜினியர் முகத்தில் சிரிப்பு இல்லை. குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிதானமாகப் பேசினார். “பம்ப் நல்லா இருக்கு. வழியில எங்கயும் கசிவு இல்லைன்னு மேடு முழுக்க நடந்து பாத்தாச்சு. மேல்தொட்டியில ஓட்டை இல்ல. அப்ப பம்ப் ஓடினா தொட்டி நிறையணும். நிறையலன்னா...”

அத்தானின் கை பம்ப்பின் முதுகிலேயே நின்றுவிட்டது. “சார், நான் தூங்கறதில்ல சார்.”

“நான் சொல்லலையே. மீட்டர் சொல்லுது.”

எல்லார் கண்ணும் ஸ்கேன்காரியின் மடியிலிருந்த பெட்டியின்மேல் விழுந்தது. அவள் எத்தனையோ குழாய்களுக்குச் சாட்சி சொன்னவள். சொந்த அக்கா புருஷனுக்கு எதிராகச் சாட்சி சொன்னது அன்றைக்குத்தான்.

வாரக் கடைசியோடு வேறு ஆள் வருவார், வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று தகவல் வந்தது. அக்கா பேச்சை நிறுத்திக்கொண்டாள். நிறுத்துவதற்கு முன் ஒன்று சொன்னாள்: “உன் டப்பாவுக்குக் கண்ணு இருக்கா? இந்த மனுஷன் தூங்கினதை அது பாத்துச்சா?”

அக்காவின் கோபத்தைக்கூடத் தாங்கலாம். அத்தானின் நிலைமைதான் தாங்க முடியவில்லை. மனிதர் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தால் கண் அயர்ந்துவிடுமோ என்று நாற்காலியையே வெளியே போட்டார். மடியில் எவர்சில்வர் தட்டும் அதன்மேல் ஸ்பூன்களுமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். தூங்கினால் தட்டு விழுந்து எழுப்பிவிடுமாம். தட்டு விழவே இல்லை. தொட்டியும் நிறையவே இல்லை. கண்கள் மிளகாய் அரைத்துப் பூசினது போலச் சிவந்துகிடந்தன.

சென்சார்களைக் கழற்றிக்கொண்டு போக அவள் வந்த அன்று, அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “மச்சினி, மனுஷன் கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்க முடியுமா? கையில தட்டையும் பிடிச்சுக்கிட்டு? உன் மெஷின் பொய் சொல்லாதுன்னு நீயே சொல்லுவ. அப்ப நான்தானே பொய்?”

அவள் பட்டியின் திருகில் வைத்த ஸ்பேனரை எடுத்துவிட்டாள். கழற்றிவிட்டால் அப்புறம் கேட்க முடியாது. அந்தக் குழாயிடம் கடைசியாக ஒருமுறை கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. அதுவும் ஒழுங்காக, புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரி. அப்போதுதான் அந்தப் பெரிய வால்வு அவள் கண்ணில் பட்டது.

“அத்தான், பம்ப்பை நிறுத்துங்க. அந்த வால்வை மூடலாம். முதுகு போனா நான் தைலம் தேய்ச்சு விடச் சொல்றேன் அக்காகிட்ட.”

“உங்கக்கா இப்ப தேய்ச்சா தோல் உரிஞ்சிடும்.” சொல்லிக்கொண்டே அவர் பம்ப்பை நிறுத்திவிட்டு வந்தார்.

இருவரும் சக்கரத்தின் இரண்டு பக்கமும் நின்று பிடித்தார்கள். அது வர மாட்டேன் என்றது. துரு நறநறத்தது. மாட்டு வண்டி ஏறுகிற மாதிரி மூச்சு வாங்கினார்கள். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, பேச மாட்டேன் என்ற சபதத்தை மறந்து, “ரெண்டு பேருக்கும் கிறுக்குப் பிடிச்சிருக்கா?” என்றாள். சக்கரம் கடைசிச் சுற்றுக்கு வந்து இறுகி நின்றது. மூலையில் கிழவியின் முணுமுணுப்பு, யாரோ வாயைப் பொத்தினது போல அடங்கியது.

அவள் திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பதினெட்டு.

பம்ப் நின்றுவிட்டது. வால்வு மூடியாகிவிட்டது. குழாயின் இரண்டு வாயும் அடைத்துக் கிடக்கிறது. அதற்குள் மணிக்குப் பதினெட்டுக் கன மீட்டர் தண்ணீர் மேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருப்பதாக மீட்டர் சொன்னது.

“ஜெல் காய்ஞ்சிருக்குமோ?” என்றார் அத்தான்.

கோட்டைப் பார்த்தாள். நிமிர்ந்து நின்றது. சத்தம் தெளிவாகப் போகிறது, தெளிவாக வருகிறது. “இல்ல அத்தான். வால்வைத் திறங்க.”

“இப்பத்தானேம்மா மூடினோம்!”

“திறங்களேன்!”

திறந்தார்கள். சக்கரம் சுற்றச் சுற்ற எண் கீழே இறங்கியது. பதினைந்து, பத்து, நான்கு... பூஜ்யத்தில் வந்து நின்றது. மூலையில் முணுமுணுப்பு மறுபடி தொடங்கியது.

வால்வு மூடியிருந்தால் தண்ணீர் நிற்கிறது, மீட்டர் பதினெட்டு என்கிறது. வால்வைத் திறந்தால் மீட்டர் பூஜ்யம் என்கிறது. அப்படியானால் பூஜ்யம் என்று அன்று அவள் பெயர் வைத்தது நிற்கும் தண்ணீருக்கு இல்லை. ஓடும் தண்ணீருக்கு. மேலிருந்து கீழே, பின்பக்கமாக, சத்தமில்லாமல் இறங்கி வந்துகொண்டிருந்த தண்ணீருக்கு. தராசுத் தட்டில் கல் கிடக்கும்போதே முள்ளை நடுவில் வைத்துவிட்டாள். அப்புறம் எதை நிறுத்தாலும் அந்தக் கல்லின் எடை கூடத்தானே வரும்?

“அத்தான்,” என்றாள். “நீங்க தூங்கல. தண்ணிதான் தூங்கல. பம்ப் நின்னப்புறம் தொட்டித் தண்ணி திரும்பி வருது.”

“எங்க வருது? என் பம்ப்ல திரும்பி வராம ஒருவழிக் கதவு இருக்கு. போன மாசம்தான் பிரிச்சுப் பாத்தேன், கல்லு மாதிரி இருக்கு.”

அவள் அறைக்குள் போனாள். மூலைக்குப் போனாள். தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்து மெல்லத் தூக்கினாள்.

கிழவி சுற்றிக்கொண்டிருந்தாள்.

மின்சாரம் இல்லை. வயர்கூட இல்லை, எப்போதோ கழற்றியாகிவிட்டது. ஆனாலும் அந்தப் பழைய பம்ப்பின் தண்டு, நிதானமாக, எண்ணெய் போட்டது போல வழுவழுவென்று, பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் பட்டு வட்டமாகச் சுழன்றது. தார்ப்பாயின் நிழலில், ஒருவரும் பார்க்காமல், ஒருவரும் கேட்காமல், எத்தனை மாதமாகவோ ஒரு தொட்டித் தண்ணீர் அந்தத் தண்டைச் சுழற்றிக்கொண்டே கீழ்த்தொட்டிக்கே இறங்கிப் போயிருக்கிறது. ஊரெல்லாம் தூங்கும்போது ஊரின் தண்ணீர் இந்த மூலை வழியாகத்தான் எழுந்து போயிருக்கிறது.

அத்தான் கையைக் கூப்பிவிட்டார். எதற்கென்று அவருக்கே தெரியாது. வாசலில் வந்து நின்ற அக்கா, கரண்டியோடு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். ஸ்கேன்காரியின் கண்ணில் நீர் முட்டியது. குற்றவாளி கிடைத்தான் என்ற நிம்மதி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வியப்பு. கண்சிமிட்டலின் கோடியில் ஒரு துண்டை எண்ணும் பெட்டி இதை அன்றைக்கே பார்த்திருந்தது. கேட்கத் தெரியாமல் கேட்டவள் இவள்.

குடை இன்ஜினியரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து, முதலில் தார்ப்பாய்க்குள் எட்டிப் பார்த்தார், பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். குடை உருண்டு போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

“சார், தப்பு என்னோடது” என்றாள் அவள். “வால்வை மூடாம பூஜ்யம் வைச்சேன்.”

“இல்ல சார், மூட வேணாம்னு சொன்னது நான்” என்றார் அத்தான்.

“ஒருத்தர் ஒருத்தரா வாங்க” என்றார் இன்ஜினியர், தண்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “அப்ப பம்ப் ஓடும்போதும் இந்தக் கிழவி குடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாளா?”

“ஆமா சார். பம்ப் நூத்தியிருபது தள்ளுச்சு. அதுல பதினெட்டை இவ குடிச்சா. மேல போனது மிச்சம்தான். ஆனா நான் பூஜ்யத்தைத் தப்பா வைச்சதால அதே பதினெட்டை மீட்டர் திரும்பக் கூட்டிக் காட்டிடுச்சு. கணக்கு அச்சு அசலா தகட்டுல இருந்த மாதிரியே வந்துச்சு.”

இன்ஜினியர் விரல் விட்டு ஒருமுறை கூட்டிப் பார்த்தார். இன்னொருமுறை கழித்துப் பார்த்தார். “அடேயப்பா” என்றார். “பொய் இவ்வளவு அழகா வந்தா யாருக்குச் சந்தேகம் வரும்?”

கிழவியின் குழாயைப் பிரித்தார்கள். தண்ணீர் திரும்பாமல் தடுக்க வேண்டிய ஒருவழிக் கதவு கீல் அறுந்து, குழாயின் அடியில் கழுவி வைத்த தட்டு மாதிரி மல்லாந்து கிடந்தது. அதற்கு அடுத்த கைவால்வை அத்தான் என்றைக்கோ இறுக்கி மூடியிருந்தார். வெளியே சக்கரம் இறுகியது உண்மை. உள்ளே துரு கட்டி, பாதி வழியிலேயே நின்றுவிட்டது அதன் அடைப்பு. இரண்டு கதவு இருக்கிறதே என்ற தைரியத்தில் இரண்டையும் யாரும் பார்க்கவில்லை. தடித்த தகடு ஒன்றை வைத்து அந்த வாயை அடைத்துப் போல்ட் முடுக்கினார்கள். கிழவியின் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றி, தயங்கி, நின்றது.

இப்போது மறுபடி பூஜ்யம். பெரிய வால்வை மூட இந்தத் தடவை யாரும் முதுகைப் பிடித்துக்கொள்ளவில்லை. இன்ஜினியரும் ஒரு கை போட்டார்.

எல்லாம் மூடியானதும் அக்கா மெல்ல வந்து குழாயில் காதை வைத்தாள். இத்தனை வருஷத்தில் தங்கையின் வேலையை அவள் கிட்ட வந்து பார்த்ததே இல்லை.

“ஒண்ணுமே கேக்கலையேடி.”

“அதான்க்கா. நின்னுடுச்சு.”

அக்கா காதை எடுக்கவில்லை. மேட்டின் உச்சிவரை நீண்டு கிடக்கும் அந்த இரும்புக்குள் அவ்வளவு தண்ணீரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை இரண்டு பேரும் கேட்டார்கள். ஸ்கேன்காரி பொத்தானை அழுத்தினாள். இந்த முறை எண்ணை முதலில் பார்த்துவிட்டுத்தான்.

வால்வைத் திறந்தார்கள். திரை பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. பம்ப்பைப் போட்டார்கள். எண் எழுந்தது, ஏறியது, தள்ளாடியது, நின்றது.

நூற்றிருபது.

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “ஏம்மா, அன்னைக்குக் காட்டினதும் இதே நம்பர்தானே?”

“இதே நம்பர்தான் சார்.”

“அன்னைக்குப் பொய்.”

“இன்னைக்கு நிஜம்.”

அவர் வெகுநேரம் அந்த மூன்று இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உருவத்தில் ஒரு சுழி மாறவில்லை. ஒன்று ஒரு மனிதரை வீட்டைவிட்டு அனுப்பப் பார்த்தது. இன்னொன்று ஊருக்கே தண்ணீர் அனுப்பப் போகிறது. பிறகு கைபேசியை எடுத்து, புதிதாக வர வேண்டிய ஆளுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு, “உங்க அத்தான்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசணும்” என்று அறைக்குள் போனார். மன்னிப்புக் கேட்பதற்கென்று தொண்டையைக் கூடச் செருமிக்கொண்டார்.

போனவர் போன வேகத்தில் வாசலிலேயே நின்றார்.

வெளியே போட்டிருந்த நாற்காலி எப்போதோ உள்ளே வந்திருந்தது. அதில் அத்தான் உட்கார்ந்திருந்தார். தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, ஒரு கால் கிழவியின் தார்ப்பாய்மேல். பக்கத்தில் பம்ப் காது கிழிய உறுமிக்கொண்டிருந்தது. அதையும் மீறி ஒரு குறட்டை வந்தது. அந்தக் குறட்டையைக் குழாயில் கட்டியிருந்தால் அதுவே தண்ணீரை மேட்டுக்கு ஏற்றியிருக்கும்.

அக்கா பதறிப்போய், “ஐயோ, எழுப்புறேன் சார்” என்று முன்னால் வந்தாள்.

இன்ஜினியர் உதட்டில் விரலை வைத்தார். தரையில் கிடந்த குடையைச் சத்தம் வராமல் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து வெளியே போனார்.